மேடம் புரட்டிப் பார்க்காத இறக்கை

எதைக் கையில் கொடுத்தாலும் புரட்டி மறுபக்கம் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளும் ஒருவர், ஒரே ஒரு பொருளை மட்டும் புரட்ட வேண்டாம் என்று ஏன் சொன்னார்? பத்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை நாளும் பதில் தெரியாமல் இருந்ததில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது என் மகள் படிக்கும் பள்ளியில் என்னைக் கேட்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டும். அதைப் பொறுத்து ஒரு சிறிய பழைய விமானம் அங்கேயே நிற்கும், இல்லையென்றால் துண்டு துண்டாக வெட்டப்பட்டு இரும்புக் கடைக்குப் போகும்.

விமானத்துக்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பள்ளியில் நடக்கும் பேச்சு எப்படி முடியும் என்று தெரியாதபோது அவர் பெயரை இழுப்பது சரியாகப் படவில்லை. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில், வரும் தோலின் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவர் தலைவர். தொண்ணூறுகளின் நடுவில் பி.காம். முடித்த கையோடு அங்கே ஏற்றுமதி அலுவலகத்தில் நான் சேர்ந்தேன். பாகாயத்திலிருந்து தினமும் பஸ். என் மேஜைக்கும் அவர் நின்று தோல் பார்க்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். வேலை இல்லாத நேரங்களில் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதனிட்ட தோலுக்கு இரண்டு பக்கம். மேல்பக்கம் சாயம் ஏறிப் பளபளக்கும். உள்பக்கம் ஆட்டின் சதையோடு ஒட்டியிருந்தது, சொரசொரப்பாக இருக்கும். உரிக்கும்போது பட்ட கத்திக் கீறலும் ஆடு உயிரோடு இருந்தபோது வந்த நோயின் தழும்பும் அங்கேதான் தெரியும். அவசரமான நாட்களில் மற்றவர்கள் அடுக்கில் நாலைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மீதியை நம்பிக்கையில் தள்ளிவிடுவார்கள். மேடம் எல்லாவற்றையும் புரட்டுவார். மேல்பக்கத்தில் உள்ளங்கையை ஒரு முறை ஓட்டுவார். படுக்கை விரிப்பை உதறுவதுபோல ஒரு உதறல், தோல் புரண்டுவிடும். உள்பக்கத்தில் இன்னொரு முறை கை. பிறகு இந்த அடுக்கு அல்லது அந்த அடுக்கு. போட்டதைத் திரும்ப எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

அந்தக் கடைசி விஷயம்தான் என்னைப் பொறாமைப்பட வைத்தது. சமையல் கேஸை மூடிவிட்டுப் படியிறங்கி, மூடினோமா என்று திரும்ப ஏறிப் போகிறவள் நான். கண்டெய்னர் கிளம்பிய பிறகும் அட்டைப்பெட்டியில் ஒட்டிய முகவரியை நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, சாப்பிடு என்று கையால் காட்டுவார்.

தொழிற்சாலைக்கு வெளியிலும் அவர் கை சும்மா இருக்காது. கேண்டீனில் தட்டை எடுத்தால் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். யாராவது விசிட்டிங் கார்டு கொடுத்தால் முதலில் பின்பக்கம். அண்ணனுக்கு லுங்கி எடுக்கக் குடியாத்தம் போனால் கடைக்காரர் விரித்துக் காட்டும் பக்கத்தை அவர் பார்க்கவே மாட்டார். மடிப்பைப் பிரித்து உள்ளே கையை விட்டுத் தடவுவார். ஒரு கடைக்காரர், "அம்மா, லுங்கிய உள்பக்கமா யாரும் கட்டப் போறதில்ல" என்றாராம். "கட்டறவரு உடம்பு உள்பக்கத்துலதான இருக்குது" என்று மேடம் சொல்லிவிட்டு, அந்த லுங்கியையே வாங்கிக்கொண்டு வந்தார்.

என் கல்யாணத்துக்கு வந்தபோதும் அதே கதை. வேலூரில் சர்ச்சில் ஆராதனை முடிந்து, பக்கத்து மண்டபத்தில் எல்லோரும் வரிசையாக வந்து வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். மேடம் மேடைக்கு வந்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அடுத்த நிமிடம் என் முந்தானையை எடுத்துப் புரட்டி ஜரிகையின் பின்பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். என் மாமியார் எடுத்துக் கொடுத்த புடவை அது. மாமியார் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். "நூல் எங்கியும் அறுந்து வர்ல. நல்லா பார்த்து எடுத்திருக்கீங்க" என்றார் மேடம், பாராட்டாகத்தான். அந்த அம்மா யார், வட்டிக் கடை வைத்திருக்கிறார்களா என்று மாமியார் ஒரு வாரத்துக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் மகள் ஜெனி பிறந்து மூன்றாம் நாள் மருத்துவமனைக்கு வந்தார். வந்தவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்து, அப்பா சாடை, அம்மா சாடை என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். மேடம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து, தன் இடது முன்கையில் குப்புறப் போட்டு, சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். நர்ஸ் வாய் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. "முதுகு சுத்தமா இருக்குது. பயப்படாத" என்று என்னிடம் கொடுத்தார். எனக்கு என்ன பயம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும்தான் எனக்குப் பயம். ஆனால் அன்றைக்கு மட்டும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்படிப்பட்டவர் விமானம் ஓட்டியவர் என்பது, என் கல்யாணத்துக்கு முன்பு, எங்களுக்கு ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது. மேனேஜர் முதல் முறையாக விமானம் ஏறி இத்தாலிக்குப் போய்விட்டு வந்திருந்தார். விமானம் எப்படி ஓடியது, எப்படி எழும்பியது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் தயிர்ச் சாதத்திலிருந்து நிமிராமல், "காத்து எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு சார்?" என்று கேட்டார். மேனேஜருக்குப் புரியவில்லை. காற்றை எதிர்த்துத்தான் ஏற்றுவார்கள், அதனால் கேட்டேன் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றதற்கு, "நான் ஓட்டியிருக்கேன் சார், காலேஜ்ல" என்று சொல்லிவிட்டு ஊறுகாயை எடுத்தார்.

மேஜையில் எல்லோரும் அவரையே பார்த்தோம். அப்போது அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த ரஹீம் பாய், தோல் வெட்டும் பிரிவின் மூத்தவர், "நான்கூட ஒரு பிளேனுக்குத் தோல் தெச்சுப் போட்டிருக்கேன்" என்றார்.

அவ்வளவுதான், ஒரே சிரிப்பு. "இன்னிக்கு கொழம்புல இன்னாத்த கலந்தாங்க?" என்று மேனேஜர் கேட்டார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டை விட்டுவிட்டு ரஹீம் பாய் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"துணிதான பாய் போடணும்? தோலு போட்டா பாரம் ஜாஸ்தியாயிடும், எப்படிப் பறக்கும்?"

"பறக்கறதுக்கு யாரு மேடம் போட்டா? பசங்க பார்க்கறதுக்கு."

பாய் சொன்ன கதை இது. அவர் இளைஞராக ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தபோது, அதன் முதலாளி ஏதோ ஏலத்தில் ஒரு குட்டி விமானத்தை எடுத்தார். என்.சி.சி. என்னும் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் கல்லூரிப் பிள்ளைகள் ஓட்டிப் பழகிய விமானம், இரண்டு பேர் உட்காரலாம், இனிமேல் பறக்க லாயக்கில்லை என்று தள்ளிவிட்டார்கள். முதலாளி குடியாத்தம் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே மைதானத்து ஓரத்தில் சிமெண்ட் மேடை போட்டு அதை நிறுத்தினார். அந்த ரக விமானத்துக்கு இறக்கை என்பது மரச்சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிப் பசை பூசிய துணி. இரண்டு மழைக்காலத்தில் துணி கிழிந்து தொங்கியது. துணிக்கு எங்கே போவது, எந்தப் பசை பூசுவது என்று முதலாளிக்கோ அவர் ஆட்களுக்கோ தெரியாது. தெரிந்தது தோல். ஷூவுக்கு உள்ளே போடும் மெல்லிய ஆட்டுத்தோலை அடுக்கடுக்காக எடுத்து, ஒட்டி, மிஷினில் தைத்து, இறக்கை அளவுக்குப் பெரிய பைபோல ஆக்கி மாட்டி, பின்விளிம்பில் மெழுகு நூலால் கையாலேயே தைத்து மூடிவிட்டார்கள். பழைய துணியைப் பிய்க்கவும் இல்லை. ஷூவுக்கு உள்ளே லைனிங் இருக்கிற மாதிரி அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று அதன் மேலேயே தோலைப் போர்த்தினார்கள். கையால் போட்ட அந்தத் தையல் ரஹீம் பாயுடையது.

மேடம் ஓட்டிய கதை இவ்வளவு ஒழுங்காக வரவில்லை. அவர் கோர்வையாக எதையும் சொல்கிறவர் இல்லை. அடுத்த சில வாரங்களில் துண்டு துண்டாக வந்தது. சென்னையில் கல்லூரியில் படித்தபோது மாணவர் படையில் இருந்தார். உயரம் போதாமல் சீட்டில் முதுகுக்கு ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு தலையணை வைத்துக்கொண்டார். வீட்டில் கேட்டால் பரேடுக்குப் போகிறேன் என்பார். ஆசிரியர் ஒரு நாள் விமானத்திலிருந்து இறங்கிக்கொண்டு, நீ மட்டும் ஒரு சுற்றுப் போய்விட்டு வா என்றார். போய்விட்டு வந்தார். "பயமா இல்லியா?" என்று நான் கேட்டேன். "சுத்திப் பார்த்துட்டுத்தான ஏறுனேன்" என்றார். கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து மேலே, கீழே, அடியில் எல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். பார்த்தாகிவிட்டது என்றால் ஏறிவிட வேண்டுமாம். மேலே போன பிறகு யோசித்து என்ன பயன் என்பது அவர் கேள்வி.

பிறகு ஒரு நாள் இறங்கும்போது பக்கவாட்டுக் காற்று தூக்கிவிட்டது. வலது இறக்கையின் நுனி தரையில் உரசி, உள்ளே ஒரு மரச்சட்டம் முறிந்தது. மெக்கானிக் முறிந்த இடத்தில் வேறொரு மரத்துண்டைப் பசை போட்டு ஒட்டினார். உடைத்தவர்தான் பிடிக்க வேண்டும் என்று, பசை காயும் வரைக்கும் மேடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார். "கை மரத்துப் போச்சு. ஆனா அந்த ஒட்டு எனக்கு நல்லாத் தெரியும். லேசா மேடா இருக்கும்." அதற்குப் பிறகு ஏன் ஓட்டவில்லை என்றதற்கு, "அப்புறம் வேலைக்கு வந்துட்டேன்" என்பதோடு சரி.

தான் ஓட்டிய விமானம் என்ன ஆனது என்று வேலைக்கு வந்த பிறகு பலரிடம் அவர் விசாரித்திருக்கிறார். அதே ரகத்தில் நாலைந்து இருந்தன, ஒன்று எரிந்தது, ஒன்று வடக்கே போனது, மற்றதெல்லாம் ஏலம் என்றார்களாம். அதற்கு மேல் தகவல் இல்லை. அதனால்தான் ரஹீம் பாயின் கதையை அவர் விடவில்லை. ஒரு விடுமுறை நாளில் மூன்று பேரும் குடியாத்தம் பஸ் ஏறினோம். என்னை ஏன் அழைத்தார் என்று தெரியாது. இரண்டு டிபன் கேரியரும் குடையும் தூக்க ஆள் வேண்டும் என்றார்.

மைதானத்து வேலி ஓரத்தில் அது நின்றது. நான் அதற்கு முன் விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை, இருந்தாலும் இது வழக்கமான விமானம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. இறக்கைகள் பழுப்பு நிறத்தில், வெயிலில் காய்ந்து, வயதானவர்களின் முழங்கைபோலச் சுருங்கியிருந்தன. தாழ்வாக இருந்த வால் பகுதியை நாய்கள் கடித்துக் குதறியிருந்தன. பள்ளிப் பிள்ளைகள் அதற்கு வைத்திருந்த பெயர் செருப்பு பிளேன். ரஹீம் பாய் தன் தையலைக் கண்டதும் நேராகப் போய், விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "பாருங்க மேடம், ஒரு எழை விடல" என்றார்.

ஹெட்மாஸ்டரும் வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் அலுத்துப் போயிருந்தார். பிள்ளைகள் ஏறி விழுகிறார்கள், நாய்த் தொல்லை, மழை பெய்தால் நாற்றம். அடுத்த வாரம் பழைய சாமான் வியாபாரி வருகிறார், வெட்டி எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன் என்றார். இது மேடம் ஓட்டிய விமானமாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். அப்படியென்றால் விஷயம் வேறு, ஒரு பெண்பிள்ளை தனியாக ஓட்டிய விமானம் என்றால் நிர்வாகத்திடம் பேசிக் காப்பாற்றுவேன், ஆனால் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றார் அவர். ஏலத்துக்கு முன்பே பதிவு எழுத்துகளைப் பூசி அழித்திருந்தார்கள். யந்திரத்தில் இருந்த எண் பொறித்த தகட்டை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே அடையாளம் அந்த ஒட்டுச் சட்டம்தான்.

மேடம் வாலிலிருந்து தொடங்கி ஒரு சுற்று வந்தார். சக்கரம் இருந்த இடத்தில் குனிந்து பார்த்தார். வலது இறக்கைக்கு அடியில் வந்ததும் கையைத் தூக்கி, உள்ளங்கையைத் தோலில் வைத்து, உடம்போடு சேரும் இடத்திலிருந்து நுனி வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டே நடந்தார். தொழிற்சாலையில் ஆயிரம் முறை நான் பார்த்த அதே கை. நுனியில் நின்றது.

ரஹீம் பாய் சட்டைப் பையிலிருந்து தோல் வெட்டும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனார். நாலு தையலைப் பிரித்தால் போதும், உள்ளே துணியை விலக்கிப் பார்த்துவிட்டு உடனே தைத்துவிடுகிறேன், நூலும் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். நுனியில் முதல் தையலுக்குள் கத்தியை நுழைத்தும் விட்டார்.

மேடம் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் பாய். இதுதான்."

ஹெட்மாஸ்டர், "நிச்சயமாச் சொல்றீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"நான் ஓட்டுனது எனக்குத் தெரியாதா சார்?"

அவர் குரலில் சந்தேகம் துளியும் இல்லை. ஹெட்மாஸ்டர் அங்கேயே கையைக் கூப்பினார். வியாபாரி வரவில்லை. விமானம் நின்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் பிரிக்க விடவில்லை என்று. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பாய் தையல் அவ்ளோ நல்லா இருக்குது. எதுக்கு கெடுக்கணும்?" என்றார். முன் சீட்டிலிருந்த ரஹீம் பாய்க்கு அது கேட்டுப் பெருமையாகிவிட்டது. எனக்குப் போதவில்லை. சந்தேகம் வந்தால் பெட்டியில் அடைத்த ஜோடியைக்கூடப் பிரிக்கச் சொல்கிறவர், நல்ல தையல் என்பதற்காக ஒன்றை விட்டு நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் முடிந்ததும் அவர் அங்கே போனார். தொழிற்சாலையில் மிச்சப்பட்ட நிறமில்லாத ஷூ கிரீம் டப்பாக்களைக் கேட்டு வாங்கிக்கொள்வார். ஒரு விமானத்துக்கு ஷூ பாலீஷ் போட்டது உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார். ஓரிரு முறை நானும் கூடப் போய்த் தேய்த்தேன். கிரீம் ஏறியதும் தோல் மெத்தென்று ஆகி, நல்ல வாசனை வரும். பிள்ளைகள் சுற்றி நின்று, நிஜமாகவே நீங்கள் ஓட்டினீர்களா என்பார்கள். "ஓட்டுனேன்டா. தேய்க்க வர்றியா, உன்ன ஏத்தி உட்கார வெக்கறேன்" என்பார். வரிசை கட்டித் தேய்ப்பார்கள்.

ஜெனி நடக்கத் தொடங்கிய வருடம் மேடம் காலமானார். நான் அதற்கு முன்பே வேலையை விட்டுக் குடியாத்தத்துக்கு வந்துவிட்டேன், கணவருக்கு இங்கேதான் வேலை. பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது என்று ஐந்து பள்ளிகளின் விண்ணப்பங்களை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தூங்காமல் இருந்தேன். கடைசியில் அந்தப் பள்ளியில் சேர்த்ததற்கு விமானம்தான் காரணம் என்று கணவர் சொல்கிறார். பஸ் வசதிதான் காரணம் என்று நான் சொல்கிறேன். ஜெனி இப்போது இரண்டாம் வகுப்பு. அவளும் அவள் கூட்டாளிகளும் இடைவேளையில் செருப்பு பிளேனில் ஏறிக் காவேரிப்பாக்கம் ஏரியில் இறங்குகிறார்களாம். தண்ணீரில் எப்படி இறங்குவது என்று கேட்டால், அதற்கு முன்பே குதித்துவிடுவார்களாம். துருப்பிடித்த கம்பி எங்கெங்கே இருக்கிறது என்று நான் மாதம் ஒரு முறை போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்போது வந்திருக்கும் புதிய தாளாளருக்குப் பள்ளி வேன்கள் நிறுத்த இடம் வேண்டும். அந்தச் சிமெண்ட் மேடைதான் தோதான இடம். பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தது. பழைய ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்று வெளியூர் போய்விட்டார். மேடத்தைப் பற்றி அங்கே சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுந்து சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டுச் சட்டத்தையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

ஏனென்றால் ஒரு தகப்பனார் உடனே, அப்படியென்றால் பிரித்துப் பார்த்துவிடலாமே என்றார். தாளாளரும் அதைப் பிடித்துக்கொண்டார். நியாயமாகத்தான் பேசினார். சட்டத்தில் ஒட்டு இருந்தால் விமானம் அங்கேயே நிற்கும், கூரை போட்டு, மேடம் பெயரில் ஒரு பலகையும் வைப்போம். இல்லையென்றால் சும்மா ஒரு பழைய சாமானுக்காக வேன்களைத் தெருவில் நிறுத்த முடியாது. நீங்கள் சரி என்றால் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எல்லோர் முன்னாலும் பிரிப்போம், வேண்டாம் என்றால் கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுப்போம் என்றார். கை தூக்கினால் வேன்கள்தான் ஜெயிக்கும். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் நான் போய் அந்த வலது இறக்கையின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையை அதே மாதிரி நுனி வரைக்கும் ஓட்டினேன். ஒரு இடத்தில் மேடாக இருப்பதுபோல இருந்தது. திரும்ப ஓட்டினால் இல்லை. மூன்றாம் முறை வேறு இடத்தில் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டாலே எனக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், இந்தக் கையை நம்பி எதைச் சொல்ல? மேடத்தின் கைக்கு அது தெரிந்திருக்கலாம். தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தொட்டே சொல்லும் கை அது. தெரிந்துவிட்டதால்தான் பிரிக்க வேண்டாம் என்றார் என்றால் எல்லாம் சரியாகிவிடும்.

ஆனால் அவர் கைக்கு ஒன்றுமே தட்டுப்படாமல் போயிருந்தால்? இல்லை என்று சொன்னால் அடுத்த வாரம் வெட்டிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் ஓட்டியது இல்லையென்றாலும் அவரைப் போல யாரோ ஒரு பெண்ணோ பையனோ தலையணை வைத்து உட்கார்ந்து ஓட்டியதுதானே அதுவும். அதைக் காப்பாற்றத் தன் வாக்கைக் கொடுத்தார் என்றால், அதையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர் விமானம் ஓட்டியதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இந்த விமானமா என்பது மட்டும்தான் கேள்வி.

ரஹீம் பாயைப் போய்ப் பார்த்தேன். இப்போது வேலைக்குப் போவதில்லை, மகன் வீட்டில் இருக்கிறார். பிரிக்க ஆள் வேண்டுமென்றால் நான்தான் வருவேன், வேறு யாரையும் கை வைக்க விடாதே என்றார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது பாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எங்கம்மா தெரியும்? ஆனா அன்னிக்கி அவங்க கை சில்லுனு இருந்துச்சு. அவ்ளோ வெயில்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிரித்துப் பார்த்துவிடு, ஒரு முடிவு வந்துவிடும் என்கிறார் கணவர். இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்பது அவர் கணக்கு. அவரால் அப்படி இருக்க முடியும். ஒட்டு இல்லையென்றால், மேடம் பொய் சொன்னார் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் ஆகிவிடும். எழுந்து நின்று அவருக்காகப் பேசியவளே பிரிக்கவும் சம்மதித்தாள் என்றும் ஆகும். வேண்டாம் என்று நான் சொன்னால், விமானம் போகும், ஆனால் அவர் சொன்ன சொல்லை யாரும் தொட முடியாது. எது பெரியது என்று நான் தினமும் ஒரு முடிவுக்கு வருகிறேன், ராத்திரிக்குள் மாறிவிடுகிறது. இன்று எழுதும்போது, பிரிக்கலாம், ஒட்டு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களைக் கேட்கிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் பிரிக்கச் சொல்வீர்களா? பெற்றோர் கூட்டத்தில் இதற்கு முன் எதையாவது காப்பாற்றிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், வேன்களுக்கு வேறு இடம் காட்டித் தாளாளரைச் சம்மதிக்க வைக்க வழி இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். அந்த நாட்களில் மாணவர் படையில் அந்தக் குட்டி விமானங்களை ஓட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், வலது இறக்கை நுனியில் ஒட்டுப் போட்ட விமானம் கடைசியில் எங்கே போனது என்று நினைவிருக்கிறதா? எங்கள் பக்கம் வந்தது என்றால் தயவுசெய்து உடனே எழுதுங்கள். எரிந்துபோனது அதுதான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், அதை எனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்பதை நீங்களே யோசித்துச் செய்யுங்கள்.